நூல் எங்கிருந்து வந்தது?

சதுரகிரி மலையின் அடிவாரத்துக்கு அணித்தாக, தென்னந்தோப்பும் நெல்வயலும் சூழ அமைந்த மகாராஜபுரத்திலிருந்து புறப்பட்டுக் கிழக்கிலும் தெற்கிலுமாக இரண்டு நாள் சுற்றி வருகிற ஒருவர், ஓர் ஆடை மனித உடம்பில் ஏறுவதற்குமுன் கடந்துவரும் நிலைகளை ஏறக்குறைய எல்லாமே பிரத்தியட்சமாகக் கண்டுவிடலாம். சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் பருத்திச் செடி. இராஜபாளையத்தில், பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் தோற்றுவித்த ஆலைக்குப் பின் பெருகிய நூற்பாலைகள். சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிகள். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுந்தரபாண்டியத்திலும் கைத்தறிகள். தளவாய்புரத்தில் நைட்டிகள் தைத்து வெளியூர்களுக்கு அனுப்பும் தையற்கூடங்கள். இவ்வளவும் ஒரு ஜில்லாவுக்குள் அடங்கியிருப்பதனாலேயே, இந்தப் பகுதியில் வாழும் நமக்கு ஓர் ஆடையின் நன்மை தீமைகளை விசாரிக்கும் உரிமையும் கடமையும் சற்று அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்ற ஆண்டு ஒரு கண்காட்சியில் நான் வாங்கிய சட்டையின் கழுத்தில் ஒரு சிறு அட்டை தொங்கியது. இயற்கைப் பருத்தி, கைத்தறி நெசவு, நியாயமான கூலி என்ற மூன்று வாக்குறுதிகள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. பத்துப் பேருக்கும் குறைவானவர்களை வைத்துக்கொண்டு நடக்கும் அந்தச் சிறு நிறுவனத்தின் உரிமையாளர் ஓர் இளைஞர். தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, மறைக்க ஒன்றுமில்லாதவருடைய உற்சாகத்தோடு பேசினார். நெய்தவரின் பெயரும், அவருக்குத் தறி எத்தனை என்பதும், தைக்கும் பெண்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதும் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தன. “அந்த நூல் எங்கேயிருந்து வருகிறது, தம்பி?” என்று கேட்டேன். “நூல் வியாபாரிகிட்ட சிட்டமா வாங்குறோம், ஐயா. அது எந்த ஆலை, எந்தப் பருத்தின்னு…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

அந்த இடைவெளியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஒரு பொருள் உலகத்துக்கு விளைவிக்கும் சேதத்தை அளப்பதற்கு விஞ்ஞானிகள் கைக்கொள்ளும் முறைக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். விதையில் தொடங்கிக் கந்தலாகிக் குப்பையில் விழும் வரையில் அந்தப் பொருள் உட்கொண்ட நீர், மின்சாரம், இரசாயனம் முதலியவற்றையும், வெளிவிட்ட புகை, கழிவு முதலியவற்றையும் கட்டம் கட்டமாகக் கணக்கிட்டுக் கூட்டுவது இதன் சாரம். லீவைஸ் நிறுவனம் தன் 501 என்னும் ஜீன்ஸைப் பற்றி 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு கால்சட்டையின் ஆயுளுக்குச் செலவாகும் நீர் 3,781 லிட்டர். அதில் 68 சதவீதம் பருத்தி விளைவிப்பதிலேயே போய்விடுகிறது, 23 சதவீதம் வாங்கியவர் வீட்டில் துவைப்பதில் போகிறது. தைப்பதும் பெட்டியில் அடைப்பதும் சொற்பமே. ஆகவே, மக்கிப்போகும் உறையில் சட்டையைச் சுற்றிக் கொடுப்பதைப் பெரிதாக விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனம், கணக்கில் மிகச் சிறிய பகுதியைத்தான் நமக்குக் காட்டுகிறது.

இந்தக் கணக்கில் நம்மூரார் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. ஒரு பருத்தி டீ-சட்டைக்கு ஏறக்குறைய 2,700 லிட்டர் நீர் வேண்டும் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அது உலகச் சராசரி. நீர்த்தடம் என்னும் இந்தக் கணக்கு முறையை 2002-இல் முன்வைத்த நெதர்லாந்து அறிஞர் ஹூக்ஸ்ட்ராவும் அவரைச் சேர்ந்தவர்களும், மண்ணில் தங்கும் மழைநீரைப் பச்சை என்றும், ஆறு, கிணறு, கால்வாய்களிலிருந்து எடுக்கும் நீரை நீலம் என்றும், அழுக்கை நீர்க்கச் செய்ய வேண்டிய நீரைச் சாம்பல் என்றும் வகை பிரித்தார்கள். கரிசல் காட்டில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படும் கருங்கண்ணிப் பருத்தி, ஏக்கருக்குக் குறைவாகவே விளைவதால், கிலோவுக்கு இத்தனை லிட்டர் என்று வகுத்துப் பார்க்கும்போது அதன் எண் பெருத்துத் தெரியும். ஆனால் அந்த நீர் யாருடைய கிணற்றையும் வற்றச் செய்ததன்று. செடி இல்லாவிட்டாலும் அந்த நிலத்தில் பெய்திருக்கக்கூடிய மழை. விளைச்சல் மிகுந்த பாசனப் பருத்தியோ சிறிய எண்ணைக் காட்டிக்கொண்டே நிலத்தடி நீரை உறிஞ்சிவிடக்கூடும். மொத்த எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால், கரிசல் சம்சாரி குற்றவாளியாகி, ஆழ்துளைக் கிணற்றுக்காரர் உத்தமராகிவிடுவார். ஒரு சிறு நிறுவனத்தை மதிப்பிடும்போது, உங்கள் பருத்தி மானாவாரியா, பாசனமா என்ற கேள்வியை நான் முதலில் வைப்பது இதனாலேதான்.

சாயத்தின் கதை சற்று வேறு. பருத்தி இழை நீரில் நனைந்ததும் எதிர்மின்னேற்றம் கொள்கிறது. இப்பொழுது பெருவழக்கிலுள்ள ரியாக்டிவ் சாயங்களும் அதே மின்னேற்றம் உடையவை. ஒன்றையொன்று விலக்கும் இவ்விரண்டையும் நெருங்கச் செய்யும் தூதாக உப்பைக் கரைக்கிறார்கள். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் வேண்டியிருக்கிறது. அந்த உப்பு இழையில் சேர்வதில்லை. முழுவதும் கழிவுநீரில் போகிறது. சாயத்தில் ஒரு பகுதி இழையைப் பற்றாமல் நீரோடு வினைபுரிந்து வீணாகி, அதுவும் உடன் போகிறது. நிறத்தைச் சாதாரணச் சுத்திகரிப்பால் ஓரளவு நீக்கலாம். கரைந்த உப்பை நீக்கச் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கொப்பரையும் வேண்டும். அவை இல்லாத காலத்தில் நொய்யல் ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் சாயக்கழிவால் நேர்ந்த கதியும், சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நாம் மறக்கக்கூடாதவை. இயற்கைச் சாயம் என்றால் விசாரணை முடிந்துவிட்டதாகவும் எண்ணலாகாது. அவுரியும் மஞ்சிட்டியும் தாமே சாதுவானவைதாம். மஞ்சிட்டி போன்றவற்றின் நிறம் பற்றுவதற்குப் படிகாரத்தைச் சேர்க்கிறார்களா, குரோமிய உப்பைச் சேர்க்கிறார்களா என்பதில்தான் வேறுபாடு கிடக்கிறது.

இனி, இளைஞர் பேச்சை நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். கைத்தறி என்ற சொல் நெசவைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். நூலைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. நம் நாட்டில் கைத்தறிக்குப் போகும் நூலில் மிகப் பெரும்பகுதி ஆலையில் நூற்றது. ஆலைகள் உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்பும் நூலில் ஒரு பங்கைக் கைத்தறிக்கு ஏற்ற சிட்டமாகக் கட்டித் தரவேண்டும் என்ற சட்டமே கைத்தறியைக் காப்பதற்காக ஏற்பட்டது. 2003-இல் 40 சதவீதமாக இருந்த அந்தப் பங்கு, 2019-இல் 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆலைக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஒரே வயலின் பஞ்சு நீளத்திலும் மென்மையிலும் மாறுபடுவதால், நூல் சீராக வருவதற்காகப் பல ஊர்ப் பொதிகளைப் பிரித்து ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். இது ஏமாற்று அன்று. நூற்புச் சாஸ்திரத்தின் அவசியம். ஆயினும் அந்தக் கலவை அறையில்தான் விவசாயியின் முகவரி அழிகிறது.

அழிந்த முகவரியைக் காகிதத்தால் மீட்க முயலும் ஏற்பாடுகளுள் பிரசித்தமானது கோட்ஸ் என்னும் உலகளாவிய இயற்கைத் துணித் தரம். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு சான்று வேண்டும் என்பது அதன் விதி. 2020 அக்டோபரில், இந்தியாவில் 20,000 டன் பருத்தி பொய்ச் சான்றுகளோடு இயற்கைப் பருத்தியாக நடமாடியதை அந்த அமைப்பே கண்டறிந்து வெளியிட்டு, 11 நிறுவனங்களை விலக்கியது. தன் குறையைத் தானே வெளிப்படுத்திய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். காகிதம் மட்டும் போதாது என்பதற்கும் அதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை. இழையில் பதிந்திருக்கும் ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளின் விகிதத்தைக் கொண்டு பருத்தி எந்தப் பிரதேசத்தில் விளைந்தது என்று ஊகிக்கும் முறைகள் வந்திருக்கின்றன. செடி குடித்த நீரின் அடையாளம் அதன் செல்லுலோஸில் தங்கிவிடுவது எவ்வளவு அழகான உண்மை! ஆனால் பத்துப் பேர் நடத்தும் நிறுவனத்துக்கு அந்தச் சோதனை எட்டாத செலவு.

நூலோடு மறைவது பருத்தியின் ஊர் மட்டுமன்று. தமிழகத்து நூற்பாலைகள் பலவற்றில், மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை கிடைக்கும் என்று சொல்லி இளம் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்தின் கொடுமைகளை, நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு 2011-இல் விரிவான அறிக்கையாக வெளியிட்டன. விடுதிக் கதவும், வேலை நேரமும், இடையில் நின்றுவிட்ட பெண்ணுக்குக் கைக்கு வராமற்போன தொகையும் அந்த நூலிலேயே நெய்யப்பட்டிருந்தன. நெசவாளிக்கு நியாயமான கூலி கொடுத்துவிட்டேன் என்று ஒரு நிறுவனம் உண்மையாகவே சொல்லலாம். நூற்ற பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று தெரியாதவரையில், அட்டையின் மூன்றாவது வாக்குறுதி அரைகுறையாகவே நிற்கும்.

இந்த முடிச்சை வேறு வழியில் அவிழ்க்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த துலா என்னும் அமைப்பு, மானாவாரியில் இயற்கை முறையில் விளைந்த நாட்டுப் பருத்தியை வாங்கி, கையால் நூற்கச் செய்து, இயற்கைச் சாயமிட்டு, கைத்தறியில் நெய்வித்து விற்கிறது. ஆலையின் வேகத்துக்கு நீண்ட இழை வேண்டும்; நாட்டுப் பருத்தியின் குட்டை இழையோ ராட்டைக்குப் பொருந்தும். ஏகாம்பரநாதன் என்னும் தமிழர் உருவாக்கியதால் அம்பர் என்று பெயர்பெற்ற ராட்டை, பல கதிர்களில் ஒரே சமயத்தில் நூற்க வல்லது. எனினும் ஆலையோடு ஒப்பிட்டால் அது நத்தை நடைதான். துணியின் விலை ஏறத்தான் செய்யும். அந்த விலையைக் கண்டு மலைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது: 2,700 லிட்டர் நீரில் பிறந்த சட்டையை முப்பது தடவை உடுத்தி எறிந்தால் ஒரு தடவைக்கு 90 லிட்டர், நூற்றைம்பது தடவை உடுத்தினால் 18 லிட்டர்தான். நம் வீடுகளில் கையால் துவைத்து வெயிலில் உலர்த்தும் வழக்கம் மின்சாரச் செலவையும் மிச்சப்படுத்துகிறது.

சட்டை விற்ற இளைஞர் சில மாதங்கள் கழித்து எனக்கு ஒரு புதிய அட்டையை அஞ்சலில் அனுப்பியிருந்தார். வயல், அரவை, நூற்பு, சாயம், நெசவு, தையல் என்று ஆறு வரிகள். கடைசி மூன்றிலும் ஊரும் கூலியும் எழுதப்பட்டிருந்தன. நூற்புக்கு எதிரே இராஜபாளையத்து ஆலை ஒன்றின் பெயர் பென்சிலால் எழுதியிருந்தது. முதல் இரண்டு வரிகளுக்கு எதிரே, “இன்னும் தெரியவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம்” என்று அச்சிட்டிருந்தார். அந்த மாதமே அவரிடம் இரண்டாவது சட்டையும் வாங்கினேன்.