கடன் கைமாறினால் வீடு யாருக்கு?

மாட்டை விற்றவன் கயிற்றை மட்டும் கையிலே வைத்துக்கொள்வானா? மாடு போகும் கொட்டிலுக்குக் கயிறும் போகும். அடமானக் கடனும் அப்படித்தான். கடன், மாடு, வீட்டின் மேலுள்ள ஈடு, கயிறு. பாங்கி தன் கடனை வேறொருவருக்கு விற்றுவிட்டால், உன் வீட்டின் மீதுள்ள பிடியும் சேர்ந்தே விலைபோகிறது!

"என்னைக் கேட்காமலா?" என்று கொதிக்கிறான் தொழிலாளி. ஆமாம் தோழா, உன்னைக் கேட்காமல்தான்! கடன் கொடுத்தவனுக்கு அது ஒரு சொத்து; அதை விற்க, கடன்பட்டவன் சம்மதம் தேவையில்லை. பாங்கிகள் தமக்குள்ளே கடன்களை விற்றுக்கொள்ளலாம் என்று 2010-ல் உச்சநீதிமன்றமே கூறிவிட்டது. 2002-ல் வந்த சர்பேசி சட்டமோ, வராக்கடன்களை வாங்குவதற்கென்றே 'சொத்துப் புனரமைப்புக் கம்பெனி' என்ற இனத்துக்கு இடம் தந்தது. பெயரைப் பார், புனரமைப்பாம்! யாருடைய சொத்து, யாருக்காகப் புனரமைப்பு?

அந்தக் கம்பெனி நூறு ரூபாய்க் கடனை நூறு கொடுத்தா வாங்குகிறது? குறைந்த விலைக்குத்தான் வாங்குகிறது. உன்னிடம் கேட்பதோ முழு நூறும், அதன் மேல் வட்டியும்! "நீ கொடுத்த விலையைத் தருகிறேன், என்னை விடு" என்று கேட்க உனக்கு உரிமை உண்டா? இன்று இல்லை. ஒரு காலத்திலே இருந்தது! 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, கடன் உரிமையை விலைக்கு வாங்கியவனுக்கு அவன் கொடுத்த விலையையும் செலவையும் வட்டியையும் கட்டினால் கடனாளி விடுபடலாம் என்றது, சில விலக்குகளோடு. வெள்ளைக்காரன் எழுதிய அந்த வாசகத்தை வெள்ளைக்காரனே 1900-ல் அழித்தான். சுதந்திரத்துக்குப் பின் வந்தவர்களும் அதைத் திரும்ப எழுதவில்லை.

சரி, புதியவன் வந்துவிட்டான். அவன் புதிய நிபந்தனை பேச முடியுமா? பழையவன் உட்கார்ந்த திண்ணையிலேதான் இவனும் உட்காரவேண்டும்! பத்திரத்திலே நீ ஒப்புக்கொண்ட வட்டி, நீ கட்டிய தவணை, எல்லாம் இவனையும் கட்டும். பழைய பாங்கி வரவு வைக்கத் தவறிய பணத்துக்கு இவனிடமும் கணக்குக் கேட்கலாம்.

கைமாறிய செய்தியே தெரியாமல் பழைய பாங்கியிலே கட்டிவிட்டாயா? பயப்படாதே. அப்பணத்தைப் புதியவனுக்காக வைத்திருந்து உடனே ஒப்படைப்பது பாங்கியின் கடமை என்கிறது சர்பேசி சட்டத்தின் 6-ஆவது பிரிவு. அறிவிப்பு வந்த பிறகு புதியவனிடமே கட்டு. பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவதை வீரம் என்று நினைப்பவர்கள் நம்மிலே எத்தனை பேர்! 60 நாள் கெடு அந்த உறைக்குள்ளே இருக்கிறது, தோழா. ஆட்சேபம் எழுதினால் 15 நாளிலே பதில் தந்தாகவேண்டும். வீட்டைக் கைப்பற்றினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்திலே முறையிடலாம். ஈடாக வைத்தது விவசாய நிலமானால் இந்தச் சட்டம் அதைத் தொட முடியாது.

ஊர் லேவாதேவிக்காரரிடம் அடமானம் வைத்தவனுக்கும் ஒரு வார்த்தை. "மைத்துனருக்குக் கொடுத்துவிட்டேன், இனி அவரிடம் பேசு" என்ற வாய்ச்சொல்லால் அடமான உரிமை மாறிவிடாது. எழுதி, பதிவு செய்யவேண்டும். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்!

கடன் எத்தனை கை மாறினாலும் அதோடு விலைபோகாத ஒன்று உண்டு: மீட்கும் உரிமை. பணம் முழுவதும் தீர்ந்தால், மூலப் பத்திரம் எவன் பெட்டியிலே இருந்தாலும் உன் கைக்கு வரவேண்டும். இது 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு. ஆனால் அந்த வாசலையும் 2016-ல் குறுக்கிவிட்டார்கள். முன்பு சர்பேசி சட்டத்திலே விற்பனைக்குக் குறித்த நாள் வரை பணம் கட்டி வீட்டைக் காப்பாற்றலாம் என்றிருந்தது. இப்போது ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2023-ல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அறிவிப்பை எந்த நாளிலே வெளியிடுவது என்று தீர்மானிப்பவன், கடனை வாங்கியவன்!