வீட்டை எழுதிக் கொடுத்த பின்

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் வளவும் அவள் பேருக்குப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். தாய் தகப்பன் அதே வளவின் பின்பக்கம் ஓர் அறையோ கொட்டிலோ போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். தலைமுறைகளாக முதியவர்களைக் காத்துவந்த ஏற்பாடு இது. மகள் மத்திய கிழக்குக்குப் போய், மருமகன் கடனில் விழுந்து, வளவு ஈட்டுக்குப் போகும்போது அதே ஏற்பாடு அவர்களைக் கைவிடுகிறது. உறுதியில் சீவிய உரித்து (சாகும்வரை அங்கே வாழும் உரிமை) எழுதி வைக்காதவர், தான் கட்டிய வீட்டிலேயே மற்றவர் தயவில் இருக்க வேண்டியதுதான்.

அடித்தால்தான் துன்புறுத்தல் என்றில்லை. முதியோர் கொடுப்பனவுக் காசைப் பேரன் எடுத்துக்கொள்வதும், கிளினிக்குக் கூட்டிப்போகாமல் விடுவதும், நாட்கணக்கில் பேசாதிருப்பதும் துன்புறுத்தலே.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் 60 வயது கடந்தோரின் உரிமைகளைச் சொல்கிறது. பெற்றோரைப் புறக்கணிக்கும் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்கவும் வழி செய்கிறது. 2005இன் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெரும் நன்றிகேட்டைக் காரணம் காட்டி நன்கொடை உறுதியை நீக்கக் கேட்கவும் 2017இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும்.

போவது எப்படி என்பதுதான் கேள்வி. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வாவியைக் கடப்பது இலகுவாயிற்று, உண்மைதான். ஆனால் வெல்லாவெளிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து, முழங்கால் வலியோடு, பஸ் நிற்கும் இடம்வரை ஆட்டோ பிடித்து, பிறகு நகரம் வந்து, சட்டத்தரணிக்கும் கொடுத்துத் திரும்புவதற்கு ஒரு மூதாட்டியிடம் என்ன இருக்கிறது? வறிய முதியோருக்கான மாதக் கொடுப்பனவு 2025இல்தான் 3000 ரூபாயிலிருந்து 5000 ஆனது. அதுவும் கைக்கு வந்தால். முறைப்பாடு கொடுத்த அன்று இரவு அவர் எங்கே படுப்பார்? அதே வளவுக்குள், முறைப்பாட்டுக்கு ஆளானவரின் கண் முன்னால். "சொந்தப் பிள்ளையப் பொலிசுல குடுக்கிறதா?" என்று பலர் வாயை மூடிக்கொள்வதற்கு, பாசத்தோடு இந்தப் பயமும் காரணம்.

சட்டத்துக்கும் முதியவருக்கும் இடையிலான இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை உள்ளூராட்சி சபைகள். சபைகளிடம் இப்படியொரு பொறுப்பைக் கொடுப்பது புதிதல்ல. 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் கொழும்பு, கண்டி, காலி மாநகர சபைகளிடம் வறியோர் நிவாரணத்தை ஒப்படைத்தது. மட்டக்களப்பு அதில் இல்லை. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, பராமரிப்புத் தேவைப்படும் ஒருவர் துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் விசாரிப்பது உள்ளூராட்சியின் கடமை. நமது மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகள், 9 பிரதேச சபைகள் என 12 சபைகள் உள்ளன. படுவான்கரைச் சபைகளின் வரி வருமானம் சொற்பம் என்பதை மறுக்கவில்லை. பெரிய முதியோர் இல்லம் கட்டச் சொல்லவும் இல்லை; தம் வளவை விட்டுப்போக முதியவர்கள் விரும்புவதும் இல்லை. ஆட்டோக் கூலி, சட்டத்தரணிச் செலவு, சில இரவுகள் பாதுகாப்பாகத் தங்க ஓர் அறை: இவற்றுக்கு ஒரு சிறு ஒதுக்கீடு போதும். தேவைப்படுவோரை அடையாளம் காணக் கிராமங்களில் முதியோர் சங்கங்களும், பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

2025 மே 6 தேர்தலில் நாம் தெரிவுசெய்த உறுப்பினர்களிடம்தான் இப்போது இந்தச் சபைகள் உள்ளன. ஆண்டு முடிவதற்குள் அடுத்த ஆண்டுக்கான பாதீடு சபைக்கு வரும். அதற்கு முன் உங்கள் வட்டார உறுப்பினரைக் கண்டு, துன்புறும் முதியோருக்கு எவ்வளவு ஒதுக்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.