எடை சரி! உடம்பு சரியா?

ஒல்லியானவருக்கும் சர்க்கரை நோய் வருவது ஏன்?

அவர்கள் இருவரும் டாக்டர்கள்.

ஒருவர் மராட்டிய மாநிலம் புனே நகரைச் சேர்ந்தவர். பெயர், சித்தரஞ்சன் யாக்னிக். மற்றொருவர் லண்டன் நகரைச் சேர்ந்தவர். பெயர், ஜான் யூட்கின்.

இருவரும் சர்க்கரை நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள். இருவருமே குண்டு ஆசாமிகள் அல்ல. உயரத்துக்கு ஏற்ற எடைதான்.

எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே எண் வந்தது. அந்த எண் 22.3.

"இரண்டு பேர் உடம்பும் சரியாக இருக்கிறது" என்றது கணக்கு.

ஆனால், எக்ஸ்ரே வகையைச் சேர்ந்த ஒரு கருவி வேறு கதை சொன்னது. லண்டன் டாக்டரின் உடம்பில் இருந்த கொழுப்பு 100-க்கு 9.1 பங்கு. புனே டாக்டரின் உடம்பில் இருந்த கொழுப்பு 100-க்கு 21.2 பங்கு!

எண் ஒன்றுதான். கொழுப்போ இரண்டு மடங்குக்கு மேல்!

இந்த அதிசயத்தை அவர்கள் 2004-ம் ஆண்டு "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் படத்துடன் வெளியிட்டார்கள். இருவர் பெயரும் ஆங்கிலத்தில் "ஒய்" என்ற எழுத்தில் தொடங்குகிறது. எனவே "ஒய்-ஒய் புதிர்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

என்ன எண் இது?

ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் எடை பார்க்கிறார்கள். பிறகு உயரம் அளக்கிறார்கள். சீட்டில் ஒரு எண்ணை எழுதுகிறார்கள். அதுதான் "பி.எம்.ஐ."

இதைக் கண்டுபிடிப்பது எளிது. வீட்டிலேயே கணக்குப் போடலாம்.

உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை அதே எண்ணால் பெருக்க வேண்டும். வருகிற விடையால் எடையை வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒருவருடைய உயரம் 160 சென்டி மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 1.6 மீட்டர். 1.6-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 2.56. அவருடைய எடை 64 கிலோ. 64-ஐ 2.56-ஆல் வகுத்தால் 25. இதுதான் அவருடைய எண்.

எண் 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு. 18.5-ல் இருந்து 24.9 வரை சரியான எடை. 25-ஐத் தொட்டால் அதிக எடை. 30-ஐத் தொட்டால் உடல் பருமன். இது உலக சுகாதார நிறுவனம் வகுத்த பொதுவான அளவு.

டாக்டர் அல்ல, வானநூல் அறிஞர்!

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல. நட்சத்திரங்களை ஆராய்ந்தவர்!

அவர் பெயர் அடால்ஃப் கெத்தலே. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்தவர். 1796-ம் ஆண்டு பிறந்தார். கணிதத்தில் புலி. பிரஸ்ஸல்ஸ் நகரில் வான ஆராய்ச்சி நிலையம் அமைத்தவர்.

வானத்தை அளந்த அவருக்கு, மனிதனையும் அளக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. ஸ்காட்லாந்து சிப்பாய்கள் 5 ஆயிரம் பேருக்கு மேல் எடுக்கப்பட்ட மார்பு அளவுகளை ஆராய்ந்தார். பெரும்பாலோர் நடு அளவில் இருந்தார்கள். மிகப் பெரிய மார்பும் மிகச் சிறிய மார்பும் சிலருக்குத்தான் இருந்தன.

"சராசரி மனிதன் எப்படி இருப்பான்?" இதுதான் அவர் கேட்ட கேள்வி. 1835-ல் இதுபற்றிப் புத்தகம் எழுதினார். வளர்ந்த மனிதர்களின் எடை, உயரத்தை உயரத்தால் பெருக்கிய அளவுக்கு ஏற்பக் கூடுகிறது என்று கண்டார்.

யார் நோயாளி, யாருக்கு ஆரோக்கியம் என்று அவர் பார்க்கவில்லை. அது அவருடைய வேலையும் அல்ல. 1874-ல் அவர் இறந்துபோனார். கணக்கு மட்டும் உயிரோடு இருந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனி போட்ட பட்டியல்

எடைக்கும் ஆயுளுக்கும் முடிச்சுப் போட்டவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள். யார் சீக்கிரம் சாவார்கள் என்று தெரிந்தால்தானே பணம் வாங்குவதா, வேண்டாமா என்று முடிவு செய்யலாம்!

அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனி, எந்த உயரத்துக்கு எந்த எடை நல்லது என்று பட்டியல் போட்டது. 1959-ல் வெளிவந்த பட்டியல் புகழ் பெற்றது. டாக்டர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால், அது பாலிசி எடுத்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. பாலிசி எடுக்க முடியாத ஏழைகள் அதில் இல்லை. எலும்பு சிறியதா, பெரியதா என்பதையும் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பெயர் வைத்தவர்

1972-ல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றார். 5 நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை ஆராய்ந்தார்.

பல கணக்குகளைப் போட்டுப் பார்த்தார். கெத்தலேயின் பழைய கணக்கு, மற்றவற்றுக்குக் குறையாமல் இருந்தது. போடுவதற்கும் எளிதாக இருந்தது. "பி.எம்.ஐ." என்ற பெயரை வைத்தவர் அவர்தான்.

அவர் ஆராய்ந்தது ஆண்களை மட்டும். பெரிய கூட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அதைச் சிபாரிசு செய்தார். பிறகு அது ஒவ்வொருவருடைய சீட்டிலும் ஏறிவிட்டது.

ஒரே நாளில் குண்டானார்கள்!

1998-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது.

அதுவரை அங்கே ஆண்களுக்கு 27.8-ம், பெண்களுக்கு 27.3-ம் எல்லையாக இருந்தன. அந்த ஆண்டு, எல்லோருக்கும் 25 என்று எல்லையை இறக்கினார்கள்.

இரண்டு கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள் ஒரே நாளில் "அதிக எடை" பட்டியலில் சேர்ந்தார்கள். அவர்கள் யாரும் ஒரு கவளம்கூடக் கூடுதலாகச் சாப்பிடவில்லை. உடம்பு மாறவில்லை, கோடுதான் மாறியது.

இந்தியாவிலும் கோடு மாறியது. இந்திய மருத்துவ நிபுணர்கள் கூடிப் பேசி, 2009-ல் அறிக்கை வெளியிட்டார்கள். இந்தியர்களுக்கு 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என்றார்கள்.

மேலே சொன்ன 64 கிலோ ஆசாமியைப் பாருங்கள். பொது அளவின்படி அவர் அதிக எடையின் வாசற்படியில்தான் நிற்கிறார். இந்திய அளவின்படியோ "உடல் பருமன்" வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்!

பயில்வானும் குமாஸ்தாவும்

எடை எந்திரத்துக்குக் கண் கிடையாது. ஏறி நிற்பது சதையா, கொழுப்பா, எலும்பா என்று அதற்குத் தெரியாது.

175 சென்டி மீட்டர் உயரமுள்ள ஒரு பயில்வான். எடை 95 கிலோ. தினமும் தண்டால் எடுக்கிறார். கரளை கரளையாகச் சதை. அதே உயரம், அதே எடையுள்ள ஒரு குமாஸ்தா. நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை; தொந்தி மேஜையை இடிக்கிறது.

இருவருக்கும் எண் 31. இருவரும் "பருமன்" என்கிறது கணக்கு. இது நியாயமா?

வயதானவர்களுக்கு இதற்கு நேர்மாறு. வயது ஏற ஏற சதை கரைகிறது. அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. எடை மாறுவதில்லை. "பத்து வருஷமாக ஒரே எடை" என்று தாத்தா பெருமைப்படுகிறார். உள்ளே நடந்த மாற்றம் அவருக்குத் தெரியாது.

குழந்தையிலேயே தொடங்கும் கதை

புனே டாக்டருக்கு மட்டும் ஏன் இத்தனை கொழுப்பு?

லண்டன் டாக்டர் நெடுந்தூர ஓட்டக்காரர். மாரத்தான் ஓடுபவர். புனே டாக்டரின் ஓட்டமெல்லாம், காலையில் ஆஸ்பத்திரி லிப்டின் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவதுதான்! இதை அவர்களே தமாஷாக எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம் என்றார்கள். புனே டாக்டர் பிறந்தபோது எடை குறைந்த குழந்தை.

டாக்டர் யாக்னிக் தம் ஊரில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தார். சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. புனே குழந்தைகளின் சதை குறைவு. ஈரல் முதலிய உறுப்புகள் இருக்கும் வயிற்றுப் பகுதியும் சிறியது. ஆனால், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை!

ஒல்லிக் குழந்தை, ஆனால் கொழுப்புக் குழந்தை. தாய் வயிற்றில் இருக்கும்போதே கதை தொடங்கிவிடுகிறது.

சாப்பாட்டில் இருந்து வரும் சர்க்கரையை இழுத்துச் செலவழிப்பது சதைதான். சதை குறைந்தால் சர்க்கரை ரத்தத்தில் தேங்கும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்போ ஈரலைப் பாதிக்கிறது; இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை. தொந்தியில் உள்ள ஒரு கிலோ, தொடையில் உள்ள ஒரு கிலோவை விடப் பொல்லாதது.

10 கோடிப் பேர்!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னையில் உள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் சேர்ந்து நாடு முழுவதும் கணக்கு எடுத்தன. 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைச் சோதித்தார்கள். 2023-ல் முடிவு வெளிவந்தது.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர்! நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர்!

அதே ஆராய்ச்சியில் இன்னொரு உண்மையும் தெரிந்தது. பி.எம்.ஐ.யின்படி 100-க்கு 28.6 பேர் பருமன். இடுப்பை அளந்தாலோ 100-க்கு 39.5 பேருக்குத் தொந்தி!

அதாவது, 100-க்குக் குறைந்தது 10 பேரை எண் தப்பவிட்டுவிடுகிறது. "எடை சரி" என்று அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை. கண் மங்கி, கால் புண் ஆறாமல் நிற்கும்போதுதான் விஷயம் தெரிகிறது.

உடம்பு கனத்தவர்களுக்கு வேறு துன்பம். அவர்கள் எந்த வலியோடு போனாலும், "முதலில் எடையைக் குறையுங்கள்" என்ற பதில் கிடைப்பது உண்டு. வலிக்கு வேறு காரணம் இருந்தால், அது மறைந்துபோகிறது.

அப்படியானால் எண்ணே வேண்டாமா?

வேண்டும். கூடை முறத்தைக் குறை சொல்லி நெல்லைக் கொட்டிவிட முடியாது.

எடை பார்க்க ஊசி வேண்டாம், பணம் வேண்டாம். ஒரு ஊரில் எத்தனை பேர் போதிய சாப்பாடு இல்லாமல் மெலிந்திருக்கிறார்கள், எத்தனை பேர் பெருத்திருக்கிறார்கள் என்று அறிய இதைவிட எளிய வழி இல்லை. எண் மிகவும் ஏறியவர்களுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி வரும் ஆபத்தும் ஏறுகிறது. இதில் சந்தேகம் இல்லை.

கூட்டத்துக்கு அது நல்ல அளவுகோல். தனி மனிதனுக்கு அது முதல் கேள்வி. கடைசித் தீர்ப்பு அல்ல.

2025-ம் ஆண்டு ஜனவரியில், பல நாடுகளைச் சேர்ந்த 50-க்கும் மேற்பட்ட நிபுணர்கள் இதையே சொன்னார்கள். பி.எம்.ஐ.யை மட்டும் பார்த்து ஒருவரை நோயாளி என்று முடிவு செய்யக்கூடாது. இடுப்பை அளக்க வேண்டும், அல்லது கொழுப்பையே அளக்க வேண்டும். கொழுப்பினால் உடம்பு கெட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஒரு கயிறு போதும்

2005-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில், 52 நாடுகளைச் சேர்ந்த சுமார் 27 ஆயிரம் பேரைச் சோதித்தார்கள். மாரடைப்பை முன்கூட்டிக் காட்டுவதில் எடையை விட இடுப்பு அளவே கெட்டி என்று தெரிந்தது. இடுப்புச் சுற்றளவைப் புட்டத்தின் சுற்றளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டி மீட்டரைத் தாண்டக்கூடாது. பெண்களுக்கு 80 சென்டி மீட்டரைத் தாண்டக்கூடாது.

டேப் இல்லையா? கவலை வேண்டாம். ஒரு கயிறு போதும்.

தலை முதல் கால் வரை உயரத்துக்குக் கயிற்றை வெட்டிக்கொள்ளுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த கயிற்றை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். வயிற்றை எக்கக்கூடாது! மூச்சை இயல்பாக விட வேண்டும்.

கயிற்றின் இரு நுனிகளும் தொட்டால் நல்லது. தொடாவிட்டால், கொழுப்பு எச்சரிக்கை செய்கிறது என்று பொருள். இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்து மருத்துவ அமைப்பு 2022-ல் யோசனை கூறியது. கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

165 சென்டி மீட்டர் உயரம், 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய எண் 22. "சபாஷ்" என்கிறது கணக்கு. ஆனால், அவர் இடுப்பு 94 சென்டி மீட்டர். உயரத்தில் பாதியோ 82.5 தான். கயிறு தொடவில்லை!

இவர் செய்ய வேண்டியது என்ன? பயப்பட வேண்டியதில்லை. பட்டினி கிடக்கவும் வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரையையும், ரத்தக் கொதிப்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும். தினமும் வேகமாக நடக்க வேண்டும். சதைக்கு வேலை கொடுக்க வேண்டும். அரிசிச் சோற்றைச் சற்றுக் குறைத்து, பருப்பும் காய்கறியும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் அப்பா ஒல்லியாக இருக்கிறார், அவருக்கு ஒன்றும் இருக்காது என்று விட்டுவிடக்கூடாது. அம்மா பருமனாக இருக்கிறார், எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்றும் விட்டுவிடக்கூடாது. இருவரையும் சோதனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

எடை எந்திரம் பொய் சொல்வதில்லை. அது பாதி உண்மையைத்தான் சொல்கிறது. மீதி உண்மை கயிற்றில் இருக்கிறது, ரத்தத்தில் இருக்கிறது.