ஞாயிறு திருப்பலியோடு முடிந்துவிடாத பக்தி

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயங்கள் நிறைந்து வழிகின்றன. ஆனால் திருப்பலி நிறைவுற்று வாசற்படியைத் தாண்டும்போதே கையடக்கத் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. சந்தைக்குச் செல்லும் அவசரமும், பிள்ளைகளின் படிப்பும், கடன் பற்றிய கவலையும் மனதை ஆக்கிரமித்துக்கொள்ள, சற்று முன்னர் முழந்தாளிட்டு நின்றவரின் நினைவில் இறைவனுக்கு அடுத்த ஞாயிறு வரை இடமில்லாது போய்விடுகிறது. இது கிறிஸ்தவர்களுக்கு மாத்திரம் உரிய பிரச்சினையன்று. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சென்று திரும்புவோரும் இதனை நன்கறிவர். எனினும், இது குறித்துக் கிறிஸ்தவ மரபு எவ்வாறு சிந்தித்து வந்துள்ளது என்பதை நோக்குவது அனைவருக்கும் பயன் தருவதாகும்.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய தமது முதலாம் கடிதத்தில், ஓய்வின்றிச் செபிக்குமாறு புனித பவுல் கேட்டுக்கொள்கிறார். இதனைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டால் எவரும் வயலில் விதைக்கவோ, வீட்டில் உலை வைக்கவோ முடியாது. இக்கேள்விக்கு விடை தேடித் துறவிகள் சிலர் எகிப்தின் பாலைவனங்களுக்குச் சென்றனர். குடும்பமும் தொழிலும் உள்ளவர்களுக்கு அவ்வழி பொருந்துமா?

பொருந்தாது எனத் தெளிவாகக் கூறியவர் ஜெனீவாவின் ஆயராக விளங்கிய புனித பிரான்சிஸ் சலேசியார் (1567-1622) ஆவார். பொதுநிலையினருக்காக 1609 இல் அவர் வெளியிட்ட நூலில், தொழிலாளி துறவியைப் போன்று நாள் முழுவதும் ஆலயத்தில் இருக்க முற்படுவது பொருத்தமற்றது என விளக்கினார். ஒருவரது கடமைக்கு ஊறு விளைவிக்கும் பக்தி உண்மையான பக்தியாகாது என்பது அவரது நிலைப்பாடாகும்.

இதனை வாழ்ந்து காட்டியவர் பாரிஸ் நகரின் கார்மேல் துறவற இல்லத்தில் பணியாற்றிய சகோதரர் லோரன்ஸ் ஆவார். போரில் காயமுற்றுக் கால் ஊனமடைந்த இவர் குருவுமல்லர், கல்விமானுமல்லர். பல்லாண்டுகள் மடத்தின் சமையற்காரராகவும், பின்னர் பாதணிகளைச் செப்பனிடுபவராகவும் இருந்தார். சமையல் வேலையில் அவருக்கு இயல்பாகவே விருப்பமிருக்கவில்லை. ஆயினும் அடுப்படியிலும் இறைவன் அருகில் இருக்கிறார் என்ற உணர்வுடன் ஒவ்வொரு சிறு வேலையையும் செய்யப் பழகினார். இப்பழக்கம் அவருக்கு எளிதில் கைகூடவில்லை. முதற் பத்து ஆண்டுகள் தாம் பெரிதும் துன்புற்றதாக அவரே எழுதியுள்ளார். 1691 இல் அவர் இறந்த பின்னரே அவரது கடிதங்கள் தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்தன.

அதே காலத்தில் நமது மண்ணிலும் ஒரு பெரும் சோதனை நிகழ்ந்தது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்பதும் கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687 இல் புனித யோசப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள், மக்கள் மேய்ப்பரின்றியே வாழ்ந்தனர். கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டே அவர் விசுவாசிகளை இனங்கண்டார். அம்மாலையை அடையாளங்காணக்கூடியோர் இன்னும் இருந்தனர் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. குருவும் திருப்பலியும் இல்லாத ஒரு தலைமுறைக் காலம் விசுவாசத்தைக் காத்தவை வீடுகளே.

அண்மைக் காலத்திலும் இதனை நாம் கண்டோம். 2019 உயிர்த்த ஞாயிறு தினமான ஏப்ரல் 21 ஆம் திகதி நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களை அடுத்து, மறு ஞாயிறு திருப்பலியை மக்கள் தொலைக்காட்சி வாயிலாகவே கண்டனர். 2020 உயிர்த்த ஞாயிறன்றும் பெருந்தொற்றின் காரணமாக ஆலயங்கள் மூடியிருந்தன. வீட்டில் செபிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு அந்நாட்கள் துயரமாயினும் வெறுமையாக அமையவில்லை. அவ்வழக்கத்தைக் கைவிட்டிருந்தோர் தாம் இழந்தது எதுவென்பதை அப்போதுதான் உணர்ந்தனர்.

அவ்வழக்கத்தை மீட்பதற்குப் பெரும் முயற்சி தேவையில்லை. காலை, நண்பகல், மாலை என மணியோசைக்கேற்பச் சொல்லப்படும் மூவேளைச் செபத்துக்குச் சில நிமிடங்களே போதும். நாளில் ஐவேளை தொழுகைக்காகத் தொழிலை நிறுத்தும் முஸ்லிம் சகோதரர்களுக்கு இத்தகைய ஒழுங்கின் பெறுமதியை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உறங்கச் செல்லுமுன், அன்றைய நாளில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறி, இழைத்த தவறுகளை எண்ணி வருந்தும் ஆன்ம சோதனையைப் புனித இஞ்ஞாசியார் (1491-1556) வலியுறுத்தினார். செபவேளையில் மனம் அலைவதை நமது முன்னோர் 'பராக்கு' என்றனர். பராக்கு ஏற்பட்டதற்காகச் செபத்தையே கைவிடுவதுதான் பெருந்தவறு. அலையும் மனதைக் கடிந்துகொள்ளாது, எத்தனை தடவையாயினும் பொறுமையுடன் மீட்டு வருமாறே சலேசியாரும் அறிவுறுத்துகிறார்.

இவ்வாறான பக்தி உண்மையானதா என்பதை அறியும் உரைகல் ஆலயத்துக்கு வெளியிலேயே உள்ளது. காணிக்கை செலுத்த வந்தவர், தம்மீது சகோதரருக்கு மனக்குறை உண்டென நினைவுற்றால், முதலில் சென்று அவருடன் சமாதானமாக வேண்டும் என்பதே இயேசுவின் போதனையாகும். கடையில் நிறை குறைப்பவரும், தொழிலாளியின் கூலியைத் தாமதிப்பவரும், அயலவருடன் ஆண்டுக்கணக்கில் பேசாதிருப்பவரும் ஞாயிறு தோறும் முன்வரிசையில் அமர்வதால் மாத்திரம் பக்தராகிவிட முடியாது. திங்கட்கிழமை காலையில் தராசைப் பிடிக்கும் கரமும், பணியாளரை அழைக்கும் குரலும், ஞாயிறன்று நாம் வணங்கியவரை நினைவில் கொண்டுள்ளனவா என்பதை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோமாக.