கடைசிச் சொல் வாசகருக்கு

ஒரு வலைப்பக்கத்துக்குப் பின்னால் குறைந்தது இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. எச்டிஎம்எல் கோப்பில் இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்ற விவரம் மட்டுமே இருக்கும். தலைப்பின் நிறம், பத்தியைச் சுற்றி விடவேண்டிய இடம், படம் நிற்கும் பக்கம் இவற்றையெல்லாம் சிஎஸ்எஸ் என்கிற நடைதாள் பார்த்துக்கொள்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் இந்தப் பிரிவினை கிடையாது. எழுத்துரு, நிறம் எல்லாவற்றையும் பக்கத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப எழுதினார்கள். தலைப்பின் நிறத்தை மாற்ற நினைத்தால் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து திருத்தியாக வேண்டும். 1994 அக்டோபரில், ஜெனீவா அருகே சேர்ன் ஆய்வகத்தில் இருந்த நார்வேக்காரர் ஹோகுன் வியும் லீ இதற்கொரு முன்வரைவை வெளியிட்டார். நெதர்லாந்தின் பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பரில் அது தரநிலையானது.

அவர்கள் யோசனையில் எனக்கு மிகவும் பிடித்தது, தோற்றத்தைத் தீர்மானிக்கும் உரிமையை ஒருவரிடமே விடாததுதான். உலாவிக்கென்று இயல்பான நடைதாள் உண்டு. வாசகரும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தை எழுதியவருடையது மூன்றாவது. மூன்றும் மோதினால் சாதாரணமாக எழுதியவர் சொன்னதே நிற்கும். அவருடைய விதிகளுக்குள்ளேயே முரண் வந்தால், குறிப்பாகச் சுட்டும் விதி பொதுவான விதியை வெல்லும். இரண்டும் சமமென்றால் பின்னால் வருவது வெல்லும். ஒரு விதியை 'முக்கியம்' என்று குறித்து மேலே ஏற்றவும் முடியும். சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பில் எழுதியவர், வாசகர் இருவருமே அப்படிக் குறித்திருந்தால் எழுதியவர் ஜெயித்தார். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு அதைத் தலைகீழாக்கி வாசகரை ஜெயிக்க வைத்தது. பெரிய எழுத்தும் அழுத்தமான நிறவேறுபாடும் இல்லாமல் படிக்க முடியாதவர்களுக்காகச் செய்த திருத்தம் அது. இந்தத் துறையில் நடந்த நியாயமான காரியங்களில் ஒன்று என்பேன்.

தமிழில் எழுதுவோர் கவனிக்கவேண்டியது வரி உயரம். ஆங்கிலத்துக்கு வைத்த நெருக்கமான அளவை அப்படியே விட்டால், மேல்வரியின் 'ழு', 'கு' போன்றவற்றின் வால் கீழ்வரியின் 'கி', 'கீ' சுழியோடு உரசும். எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வைத்துப் பாருங்கள், பத்தி மூச்சுவிடும்.

எழுத்தளவு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதைப் பிக்சல் கணக்கில் எழுதிவிட்டால், கண் மங்கிய பெரியவர் தன் உலாவி அமைப்பில் கூட்டி வைத்திருக்கும் இயல்பு அளவு அந்தப் பக்கத்தில் எடுபடாது. 'ரெம்' என்னும் அலகில் எழுதினால் அவர் வைத்த அளவிலிருந்தே கணக்குத் தொடங்கும்.