ஒரே தட்டில் இரண்டு ஏற்பிகள்

ஒரு வீட்டில் இரு மொழிகள் வழங்குமாயின், அவ்வீட்டுத் தொலைக்காட்சியிலும் அவ்விரு மொழிகளும் ஒலித்தல் வேண்டுமென விழைவது இயல்பே. ஜெர்மனியில் வாழும் இத்தாலியக் குடும்பங்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். 1955ஆம் ஆண்டில் இரு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தொழிலாளராய்ச் சென்றோருள் பலர் அங்கேயே குடியமர்ந்தனர். இன்று அத்தகைய வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு ஜெர்மன் நிகழ்ச்சி வேண்டும். பாட்டிக்கோ இத்தாலியச் செய்தி வேண்டும். முன்னது ஒரு துணைக்கோளிலிருந்தும் பின்னது மற்றொரு துணைக்கோளிலிருந்தும் வருகின்றன. அடுக்குமாடி வீட்டின் முகப்பிலோ ஒரு தட்டுக்குமேல் மாட்ட இடமில்லை. இருந்தாலும் வீட்டுக்காரர் ஒப்பார்.

இது நீதிமன்றம் வரை சென்ற செய்தியாகும். துருக்கியக் குடியிருப்பாளர் தொடுத்த வழக்கொன்றில், ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 1994 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தாய்நாட்டு ஒளிபரப்பைக் காண விரும்பும் குடியிருப்பாளரின் உரிமையையும் வீட்டுடையவரின் உரிமையையும் சீர்தூக்கிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. தட்டொன்று மாட்ட இசைவு கிடைத்தாலும், இரண்டாவதற்குக் கிடைப்பது அரிது. ஆதலின், ஒரே தட்டைக் கொண்டு இரு துணைக்கோள்களைப் பார்க்கும் வழியை அறிந்துகொள்வது பயனுடையதாம்.

கோள்கள் நிற்கும் இடம்

ஒளிபரப்புத் துணைக்கோள்கள் நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் வலம் வருகின்றன. அவ்வுயரத்தில் ஒரு சுற்றுக்குப் பிடிக்கும் காலமும் பூமி தன்னைத்தானே சுற்றும் காலமும் ஒன்றே. ஆகையால் அவை வானில் அசையாது நிற்பனபோலத் தோன்றும். ஜெர்மன் ஒளிபரப்புகளைத் தரும் ஆஸ்ட்ரா கோள்கள் கிழக்கு 19.2 பாகையிலும், இத்தாலிய ஒளிபரப்புகள் பலவற்றைத் தரும் ஹாட்பேர்ட் கோள்கள் கிழக்கு 13 பாகையிலும் உள்ளன.

இவற்றின் இடைவெளி 6.2 பாகை. ஆனால் இது பூமியின் மையத்திலிருந்து கணக்கிட்டது. நாம் நிற்பது பூமியின் மேற்பரப்பில். கோள்களுக்குச் சற்று அருகில். அருகே செல்லச் செல்ல இரு தூண்களின் இடைவெளி அகன்று தோன்றுவதுபோல, கொலோன் நகரிலிருந்து பார்ப்பவருக்கு அவ்விடைவெளி ஏறத்தாழ 6.8 பாகையாகும்.

எதிர்ப்பக்க விதி

தட்டு என்பது அலைகளுக்கு ஒரு குழியாடி. தான் நோக்கும் திசையிலிருந்து வரும் அலைகளை அது ஒரு புள்ளியில் குவிக்கும். அக்குவியத்தில்தான் 'எல்.என்.பி.' எனக் கடைகளில் வழங்கும் ஏற்பி அமைகின்றது. சற்று விலகிய திசையிலிருந்து வரும் அலைகள் வீணாவதில்லை, அவையும் குவிகின்றன. ஆனால் குவியத்தில் அன்று, அதன் அருகே வேறோரிடத்தில்.

எந்தப் பக்கத்தில்? பள்ளியிலுள்ள குழியாடியைச் சன்னலுக்கு எதிரே பிடித்து, மரத்தின் உருவத்தைத் தாளில் வீழ்த்திப் பார்த்தால் விடை விளங்கும். இடப்புறக் கிளை வலப்புறமும், மேலுள்ள கிளை கீழும் விழும். தட்டின் செயலும் இதுவே. தட்டின் பின்னே தெற்கு நோக்கி நிற்பவருக்கு ஹாட்பேர்ட் கோள், ஆஸ்ட்ராவின் வலப்பக்கத்தில், ஒரு பாகைக்குச் சற்றுக் குறைந்த அளவு உயரத்தில் இருக்கும். ஆகவே அதற்குரிய ஏற்பி, ஆஸ்ட்ரா ஏற்பியின் இடப்பக்கத்தில், சற்றுத் தாழ்வாக அமைதல் வேண்டும். கோள் இருக்கும் பக்கமே ஏற்பியையும் தள்ளி வைத்துவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லையே என வருந்துவோர் உண்டு.

எவ்வளவு தள்ளுவது என்பதற்கும் கணக்குண்டு. தட்டின் குவியத் தொலைவை இடைக்கோணத்தின் தொடுகோட்டு விகிதத்தால் பெருக்கல் வேண்டும். குவியத் தொலைவு 50 செ.மீ. என்றும், 6.8 பாகைக்குரிய விகிதம் 0.119 என்றும் கொண்டால், விடை ஏறத்தாழ 6 செ.மீ. ஆகும். இதே கணக்கின்படி தாழ்த்தவேண்டிய அளவு சுமார் 7 மில்லிமீட்டர். இவ்வளவே! சுண்டு விரலளவு இடைவெளி, வானில் பல்லாயிரம் கிலோமீட்டர்களுக்கு ஈடாகி நிற்கின்றது.

பொருத்தும் முறை

முதலில் ஓர் ஏற்பியை மட்டும் குவியத்தில் வைத்து, தட்டைத் திருப்பி, அதற்குரிய கோளை மிக நன்றாகப் பெறுதல் வேண்டும். அலை வலிமை குறைந்த கோளுக்கே இந்த நடுவிடத்தைத் தருவது அறிவுடைமை. ஏனெனில் ஓரத்து ஏற்பிக்குச் சிறிது இழப்பு நேரும். பின்னர்த் தட்டின் திருகுகளை இறுக்கிவிடல் வேண்டும். அதன்பின் தட்டைத் தொடலாகாது. இரண்டாம் கோளைத் தேடும்போது ஏற்பியையே பக்கவாட்டிலும், மேலுங் கீழும், முன்னும் பின்னும் சிறிது சிறிதாக நகர்த்தி, அளவுமானியைப் பார்த்து நிறுத்தல் வேண்டும். இறுதியாக, ஒவ்வோர் ஏற்பியையும் அதன் அச்சிலேயே சற்றுச் சுழற்றிப் பார்க்கவேண்டும்; கோள் தெற்கிலிருந்து விலக விலக, அதன் அலைகளின் அதிர்வுத் தளம் சாய்ந்து வருதலே இதற்குக் காரணம்.

ஏற்பிகள் இரண்டாயினும் வீட்டுக்குள் வரும் கம்பி ஒன்றே போதும். இடையே ஒரு மாற்றுவிசை வைக்கப்படும். பெட்டியிலிருந்து அதே கம்பிவழிச் செல்லும் 22 கிலோஹெர்ட்ஸ் குறிப்பலைகள், எந்த ஏற்பியை இணைப்பது என அவ்விசைக்கு ஆணையிடும். 'டைசெக்' எனப்படும் இம்முறையை 1990களில் யூட்டெல்சாட் நிறுவனம் பிலிப்சின் துணையுடன் உருவாக்கியது.

எல்லை உண்டு

இம்முறை எல்லாக் கோள்களுக்கும் பொருந்தாது. துருக்கிய ஒளிபரப்புகளைத் தரும் துர்க்சாட், கிழக்கு 42 பாகையில் உள்ளது. ஆஸ்ட்ராவிலிருந்து அது 22.8 பாகை விலகியிருத்தலின், சாதாரணத் தட்டில் அதன் குவியம் சிதறிப் பயனற்றுப்போம். அத்தகைய குடும்பத்திற்கு, அகன்ற வளைவுடைய தனிவகைத் தட்டோ இரண்டாவது தட்டோ வேண்டும். இத்தாலியப் பாட்டியின் வீட்டிற்கோ ஆறு சென்டிமீட்டர் கணக்கும் சிறிது பொறுமையும் போதும். பேரப்பிள்ளைகளின் மொழிக்காகத் தன் மொழியை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.