ஈராண்டுக் கணக்கில் அடங்காத ஆய்வுகள்

கருவடிக்குப்பத்து வீட்டுக் கொல்லையில் கோழி அடைகாக்கும் முட்டையிலும், பாரிஸ் ஆய்வகத்து இன்குபேட்டர் முட்டையிலும் கரு ஒரே வரிசையில்தான் வளர்கிறது. ஆனால் வேகம் ஒன்றல்ல. சூடு சற்றுக் குறைந்தாலே வளர்ச்சி பின்தங்கிவிடும்; ‘மூன்றாம் நாள் கரு’ என்று சொன்னால் போதாது. 1951இல் விக்டர் ஹாம்பர்கரும் ஹோவர்டு ஹாமில்டனும் இதற்கு வழி கண்டார்கள். நாள்கணக்கை விட்டுவிட்டு, இறக்கை மொட்டு, கால் மொட்டு, அலகு போன்றவற்றின் தோற்றத்தை வைத்துக் கோழிக் கருவின் வளர்ச்சியை 46 நிலைகளாகப் பிரித்தார்கள்.

இதை விவரித்து அவர்கள் வெளியிட்ட கட்டுரை புதிய கோட்பாடு எதையும் சொல்லவில்லை, படங்களும் விவரிப்பும்தான். ஆனாலும் கோழிக் கருவை ஆராய்வோர் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். 1995இல் சார்லஸ் கிம்மல் குழுவினர் வரிக்குதிரை மீன் கருவுக்குத் தயாரித்த நிலைப்பட்டியலும், வளர்ச்சி உயிரியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று.

இப்போது ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ கணக்கைப் பாருங்கள். ஓர் ஆய்விதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. இதன்படி 1951ஆம் ஆண்டுக் கட்டுரையின் மதிப்பு 1953க்குப் பிறகு பூஜ்யம்! ஆய்விதழ்களை ஒப்பிட யூஜின் கார்ஃபீல்டு முன்வைத்த இந்த எண், நாளடைவில் ஆய்வாளர்களையே எடைபோடும் எண்ணாகிவிட்டது. அதை எதிர்த்து 2012 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் கூடி, ஆய்வு மதிப்பீடு பற்றிய ‘டோரா’ பிரகடனத்துக்கு வித்திட்டார்கள்.

படிக்கக் கிடைக்காத கட்டுரையை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஆய்வுக் கட்டுரைகள் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடியவர் சென்னைத் தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாச்சலம். அந்தத் திசையில் ஒரு படியாக, ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில், சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கப்படுகின்றன.

இது படிப்பதற்கான வாசல் மட்டுமே. நம்மவர் எழுதுவதையும் உலகம் காசில்லாமல் படிக்க, 2013 முதல் இயங்கும் ‘பயோஆர்க்ஸிவ்’ போன்ற திறந்த களஞ்சியங்கள் இருக்கின்றன. இளம் ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்த வேண்டும். பணி நியமனக் குழுக்களோ, இதழின் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கட்டுரையைப் படிக்க வேண்டும்.